மாதத்தில் ஒரு ஞாயிறு: கிளை நூலகமும் எழுத வரும் பிள்ளைகளும்

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். ஒரு கடைத்தெரு, இரண்டு பள்ளிக்கூடம், ஒரு கிளை நூலகம், அவ்வளவுதான் ஊர். அந்த நூலகத்தில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிப் பிள்ளைகள் தாங்கள் எழுதியதைக் கொண்டுவந்து படிக்கிற கூட்டம் ஒன்றை வாசகர் வட்டம் சார்பில் சில வருடங்களாக நடத்தி வருகிறோம். நான் எழுத்தாளன் இல்லை, உரக்கடை வைத்திருப்பவன். படிக்கிற பழக்கத்தால் வட்டத்தில் ஒட்டிக்கொண்டவன். "உங்க ஊர்ல மட்டும் எப்படிப் பிள்ளைங்க வர்றாங்க, எங்க ஊர்ல எட்டிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறாங்களே" என்று வெளியூர் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கடையில் வியாபாரத்துக்கு நடுவே போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

விழாவுக்கு வருகிற பிள்ளைகள் வேறு, எழுத வருகிற பிள்ளைகள் வேறு. இது புரிய எங்களுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. நூலக வார விழா என்று நவம்பர் 14 முதல் 20 வரை எல்லா ஊரிலும் நடக்கும். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி, கடைசி நாளில் பரிசளிப்பு. சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வருவார், வரிசையாகப் பொன்னாடை போர்த்துவார்கள், அதுவரை பிள்ளைகள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் கிள்ளிக்கொண்டிருப்பார்கள். பரிசு வாங்குவது பெரும்பாலும் அதே நாலைந்து பேர், பள்ளியில் எல்லாப் போட்டிக்கும் அனுப்பப்படுகிறவர்கள். அவர்கள் பேசுவது அப்பாவோ டீச்சரோ எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்தது. போட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை, நூலகம் என்று ஒன்று இருக்கிறது என்பதை ஊருக்குச் சொல்ல அது உதவும். ஆனால் போட்டியில் இரண்டாவது சுற்றில் கழிந்துபோன பிள்ளை அடுத்த வாரம் நூலகத்துக்கு வராது. எழுதக்கூடிய பிள்ளை பல சமயம் அந்தக் கழிந்துபோன பிள்ளைதான்.

டெல்டாக்காரர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நூலக வாரம் சரியாக ஐப்பசி கடைசி, கார்த்திகை முதலில் வரும், அடைமழைக் காலம். 2018-ல் கஜா புயல் கரை கடந்தது நவம்பர் 16 அதிகாலை, வாரத்துக்கு நட்டநடுவில். அந்த வருடம் விழாவாவது ஒன்றாவது, எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்டே இல்லை. அதற்குப் பிறகு நவம்பரில் அரசு சொல்கிறபடி ஒரு சின்ன நிகழ்ச்சியை மட்டும் முடித்துக்கொண்டு, எங்கள் சொந்த நிகழ்ச்சிகளை எல்லாம் ஜூன் முதல் அக்டோபர் வரையிலும், அப்புறம் கோடை விடுமுறையிலும் வைத்துக்கொள்கிறோம். ஜனவரி முதல் மார்ச் வரை கூட்டம் குறையத்தான் செய்யும். அறுவடை, பொங்கல், ரிவிஷன் தேர்வு, பொதுத்தேர்வு. அந்த மாதங்களில் மூன்று பேர் வந்தாலும் நடத்துங்கள், ஆள் வரவில்லையே என்று மனம் விட்டுவிட வேண்டாம்.

இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சண்டை வருவது அங்கேதான். இன்றைக்கு எந்தச் சிறு ஊர் நூலகத்துக்குப் போனாலும் மேசைகளைப் பிடித்து வைத்திருப்பவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். குரூப் 4, குரூப் 2, போலீஸ் தேர்வு. காலையில் சாப்பாட்டு டப்பாவோடு வந்தால் பூட்டுகிற வரை இருப்பார்கள். வீட்டில் அவர்களுக்கு மின்விசிறியும் அமைதியும் கிடையாது. அந்த இடத்தில் போய் இருபது பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை படிக்கச் சொன்னால் என்ன ஆகும்? "சார், வர்ற மாசம் எக்ஸாம்" என்று ஒரு தம்பி கைகூப்பிக் கேட்டான். அவன் கேட்டது நியாயம். வார விடுமுறையான வெள்ளிக்கிழமையில் நடத்தலாமா என்று யோசித்தோம், ஆனால் நூலகருக்கு இருப்பதே அந்த ஒரு நாள், அதையும் பிடுங்குவது சரியில்லை. கடைசியில் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள வேப்ப மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம், மழையென்றால் பக்கத்துப் பள்ளிக்கூட வராந்தா. இதில் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. குரூப் 2-க்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், இடைவேளையில் டீ குடிக்க வெளியே வந்தவர், பிள்ளைகள் படிப்பதை நின்று கேட்டார். அடுத்த மாதம் அவராகவே வந்து, "பொதுத் தமிழுக்குச் சந்திப்பிழை, ஒற்றுப்பிழை எல்லாம் படிச்சுக்கிட்டுதான் இருக்கேன், நான் திருத்தித் தரட்டுமா" என்றார். எங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பிழை திருத்துவது இப்போது தேர்வுக்குப் படிக்கிறவர்கள்தான், ஒருவர் வேலை கிடைத்துப் போனால் இன்னொருவர் வந்துவிடுகிறார்.

அனுமதி வாங்குவதில் குறுக்கு வழி தேடாதீர்கள். வாசகர் வட்டம் என்பது நூலகத்தோடு சேர்ந்த அமைப்பு, அதன் பெயரில் நூலகரிடம் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், அவர் தேவைப்பட்டால் மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பிக்கொள்வார். உள்ளூர் அரசியல்வாதி ஒருவரை முன்னால் வைத்துக்கொண்டு போனால் காரியம் சீக்கிரம் நடக்கும், அதற்கப்புறம் ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிளெக்ஸ் அடித்து அவர் படம் போட வேண்டியிருக்கும். தேர்தல் காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். நடத்தை விதி அமலில் இருக்கும்போது அரசுக் கட்டடத்தில் எந்தக் கூட்டமும் வேண்டாம் என்று நூலகர் தயங்குவார், அவரை நெருக்கக் கூடாது. 2024-ல் மார்ச் 16-ல் தொடங்கிய விதி ஜூன் 6 வரை இருந்தது, கோடை விடுமுறை முழுக்க அதில் போய்விட்டது. நாங்கள் வட்டத்து உறுப்பினர் ஒருவர் வீட்டுத் திண்ணைக்கு மாறிக்கொண்டோம்.

சரி, பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இனி என்ன செய்வது?

முதல் தடவை வருகிற பிள்ளை ஏதாவது ஒன்றை எழுதிக்கொண்டு வரும். அதில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்பு போட்டு, ஸ்கேல் வைத்து அடிக்கோடு இட்டிருக்கும். பொருள் மழைநீர் சேகரிப்பாகவோ தாய்நாட்டுப் பற்றாகவோ இருக்கும். இல்லையென்றால் ஒரு ஊரில் ஒரு ராஜா. இதைக் கேட்டுச் சிரிக்கவும் கூடாது, "சூப்பர்" என்று சொல்லி அனுப்பிவிடவும் கூடாது. நாங்கள் செய்வது ஒன்றுதான்: அங்கேயே இருபது நிமிடம் எழுதச் சொல்லுவோம். தலைப்பு கொடுப்பதில்லை, ஒரு கேள்வி கொடுப்போம். நேற்று ராத்திரி உங்கள் வீட்டு அடுக்களையில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள்? உங்கள் தெருவில் எந்த வீட்டு நாய்க்குப் பயப்படுவாய், ஏன்? பெரியவர்கள் யாரும் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கக் கூடாது. வாட்ஸாப்பில் வந்த கவிதையை நோட்டில் எழுதிக்கொண்டு வருவது, போனில் கேட்டு ஏஐ எழுதிக் கொடுத்ததைக் கொண்டு வருவது எல்லாம் இப்போது உண்டு. அதற்காக விசாரணை வைக்கத் தேவையில்லை, இந்த இருபது நிமிட எழுத்தில் அது தானாகவே அடிபட்டுப் போகும். அடுக்களையில் அம்மா சொன்னது போனுக்கு எப்படித் தெரியும்?

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு, ராஜா கதை கொண்டுவந்தவன். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். நாலு மா நிலம் குத்தகை, குறுவையும் சம்பாவும். சரி, நெல்லு போடப் போனபோது நீயும் கூடப் போனாயா என்றேன். அவ்வளவுதான் நான் கேட்டது. அடுத்த மாதம் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு ராத்திரி காவல் காத்தது, தூறல் விழுந்ததும் எல்லோரும் படுதாவை இழுத்துக்கொண்டு ஓடியது. அதில் இரண்டு வரி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "மிஷினில் 19 என்று வந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, டீ குடிக்கப் போனார்." ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்கத் தயங்குவார்கள் என்பது எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆகவே அவன் விளக்கவில்லை, விளக்காமல் விட்டதே நன்றாக இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "கடைசியில விவசாயியின் துயரம்னு ஒரு பத்தி சேர்த்தா நல்லாயிருக்கும் தம்பி" என்றார். பையன் பேனாவை எடுத்துவிட்டான். நான் தடுத்தேன்.

இங்கேதான் நடத்துகிறவர்கள் உறுதியாக இருக்க வேண்டியிருக்கிறது. பிள்ளை படித்து முடித்ததும் பெரியவர்கள் கருத்து சொல்லத் துடிப்பார்கள். எழுத்தில் கருத்து எங்கே, சமூகத்துக்கு என்ன செய்தி, லகர ளகரம் மாறியிருக்கிறது, அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாம் எப்படி எழுதினோம். இதைக் கேட்ட பிள்ளை திரும்ப வாய் திறக்காது. எங்கள் வழக்கம் என்னவென்றால், கேட்டவர்கள் முதலில் தங்கள் மனதில் நின்ற ஒரு இடத்தைச் சொல்ல வேண்டும், அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். பாராட்டும் வேண்டாம், திருத்தமும் வேண்டாம். "அப்பா டீ குடிக்கப் போனப்ப நீ எங்க இருந்தே?" இந்த மாதிரிக் கேள்வி. பிழை திருத்தம் எல்லாம் பத்திரிகைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். தமிழாசிரியர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை, ஒருவர் கோபித்துக்கொண்டு வருவதையே நிறுத்திவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்காகப் பிள்ளைகளை விட முடியாது.

பிள்ளைகள் வீட்டு விஷயத்தை எழுதத் தொடங்கினால் எல்லாம் வெளியே வரும். அப்பா குடித்துவிட்டு வந்தது, அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன், மாமா அடித்தது. சிறு ஊரில் பெயர் சொல்லாமலேயே இது யார் வீடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் படிப்பதற்கு முன் அந்தப் பிள்ளையோடு தனியாகப் பேசி, இதைக் கூட்டத்தில் படிக்கலாமா, உன்னோடு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிடுவோம். அச்சுக்கோ பத்திரிகைக்கோ போகவே கூடாத எழுத்துகள் உண்டு. உண்மையிலேயே ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் அது இலக்கிய விஷயம் கிடையாது, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, நடத்துகிற ஒவ்வொருவருக்கும் அது மனப்பாடமாக இருக்க வேண்டும். அதேபோலப் பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்களாவது இருப்பது, அதில் ஒருவர் பெண்ணாக இருப்பது என்பதையும் எழுதாத சட்டமாகவே வைத்திருக்கிறோம். பெண்பிள்ளைகளை அனுப்ப வீட்டில் யோசிப்பதற்கு அதுதான் பதில். கூட்டம் மூன்றரைக்குத் தொடங்கி விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடும், பேச்சு எவ்வளவு சுவையாகப் போனாலும் சரி.

பத்தாம் வகுப்பு வந்ததும் பிள்ளைகள் மறைந்துவிடுவார்கள். குறிப்பாகப் பெண்கள். டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ், "இந்த ஒரு வருஷம் இதெல்லாம் வேண்டாம்". பெற்றோரோடு வாதாடிப் பயனில்லை. நாங்கள் ஒரு நோட்டைச் சுற்றுக்கு விட்டோம். அது தம்பி தங்கைகள் கையில் வீட்டுக்குப் போகும், அக்கா நாலு வரி எழுதுவாள், திரும்பி வரும். கஜா அடித்தபோது மூன்றாம் வகுப்பில் இருந்த ஒரு பெண், பத்தாம் வகுப்பு படித்த வருடம் அந்த நோட்டில்தான் கொல்லையில் விழுந்த தென்னைகளைப் பற்றி எழுதினாள். விழுந்த மரத்தின் மேல் ஏறி நடந்து இளநீர் பறித்தது தனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது என்றும், தாத்தா முகத்தைப் பார்த்ததும் இறங்கிவிட்டேன் என்றும். பரீட்சை முடிந்த மே மாதம் அவளே நேரில் வந்தாள்.

எழுதுகிற பிள்ளைகளை நிறுத்தி வைப்பது எது என்று கேட்டால் கையெழுத்துப் பத்திரிகையைத்தான் சொல்வேன். தமிழ்நாட்டுச் சிறு ஊர்களுக்கு இது புதிதில்லை, நம் தாத்தாக்கள் காலத்திலேயே சங்கம் வைத்துக் கையால் எழுதிச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். செலவும் இல்லை. ஏ4 தாள், கறுப்பு ஜெல் பேனா, நல்ல கையெழுத்துள்ள இரண்டு பிள்ளைகள், படம் போட ஒருவன். ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங். எழுதினவர்களுக்கு ஆளுக்கொரு நகல், அசல் பிரதி நூலகத்தில். பதிவேட்டில் ஏற்றுவதற்கு வழியில்லை என்று நூலகர் சொன்னார், சரி, நாளிதழ் மேசையில் வைக்கலாம் இல்லையா என்று கேட்டோம், வைத்தார். அதன் கடைசியில் நாலைந்து வெற்றுத் தாள் விட்டு, படித்தவர்கள் எழுதலாம் என்று போட்டோம். காலையில் பேப்பர் படிக்க வருகிற பெரியவர்கள் அதை விடவில்லை. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், "கதையில் வருவது வடவாறு இல்லை. அந்த இடத்தில் ஓடுவது பாமணியாறு. போய்ப் பார்த்துவிட்டு எழுது" என்று எழுதி, கீழே கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தார். அந்தப் பையன் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தான், அடுத்த இதழில் திருத்தம் போட்டான், கூடவே தபால்காரரைப் பேட்டியும் எடுத்துவிட்டான். பேஸ்புக்கில் நூறு லைக் வாங்கினாலும் இது நடக்காது.

வெளியே அனுப்ப விரும்பும் பிள்ளைக்கு வழி காட்டலாம். பள்ளிக்கல்வித் துறை 2022-ல் தொடங்கிய ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் இரண்டிலும் மாணவர் எழுத்து வருகிறது, அறிவியல் ஆர்வம் உள்ளவர்களுக்குத் துளிர் இதழ் இருக்கிறது. ஆனால் அவசரப்படுத்த வேண்டாம். பிள்ளை எழுதிய பத்துக் கவிதையைப் பெற்றோர் காசு கொடுத்துப் புத்தகமாகப் போட்டு, "இளம் எழுத்தாளர்" என்று மேடை ஏற்றுவது இப்போது பெருகிவிட்டது. அப்படி ஏறிய ஒரு பிள்ளை அதற்கப்புறம் எழுதியதை நான் பார்க்கவில்லை. என் ஊர் அனுபவம் அவ்வளவுதான், வேறு ஊரில் வேறு மாதிரி இருக்கலாம்.

எழுத்தாளர்களை அழைப்பதென்றால் வருடத்தில் இரண்டு தடவை போதும். அழைக்கும்போதே மூன்று விஷயம் சொல்லிவிடுவோம்: மேடை இல்லை, பாயில்தான் உட்கார வேண்டும், பிள்ளைகள் படிப்பதை முதலில் கேட்க வேண்டும், பேச்சு பிறகுதான், முடிந்தால் அடித்துத் திருத்திய சொந்தக் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொண்டு வர வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் பிள்ளைகளை அசத்தும். பெரிய எழுத்தாளர் ஒரு பக்கத்தில் முக்கால் பக்கத்தை அடித்திருப்பதைப் பார்த்தால் அவர்களுக்குத் தங்கள் அடித்தல் திருத்தல் மேல் இருக்கிற வெட்கம் போய்விடுகிறது. வழிச்செலவையும் சாப்பாட்டையும் கொடுத்துவிடுங்கள், பொன்னாடைக்குச் செலவழிக்கிற காசு அதற்குச் சரியாக இருக்கும்.

பணம் என்று வந்தால், பெட்டி வைத்து வசூல் செய்யாதீர்கள், பிரச்சினைதான். நூலகத்திலேயே 1,000 ரூபாய் கட்டிப் புரவலராகிற திட்டம் இருக்கிறது, உதவ நினைக்கிறவர்களை அங்கே அனுப்புங்கள், ரசீது கிடைக்கும். கூட்டத்துக்கு ஆகிற சுண்டல், டீ, தாள் செலவை நாலு பேர் பிரித்துக்கொண்டால் தெரியாது. பழைய புத்தகம் தருகிறேன் என்று மூட்டையாகக் கொண்டு வருகிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் கடுமையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பத்து வருடத்துக்கு முந்தைய இன்ஜினியரிங் கைடு எல்லாம் நூலகத்துக்கு வந்து சேரும்.

பெற்றோர் சிலர், "நமக்கெதுக்கு சார் லைப்ரரி எல்லாம்" என்பார்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள் என்பேன். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்கென்று இப்படிச் சட்டம் முதலில் வந்தது நம்மிடம்தான், 1948-ல். அதற்காக உழைத்த எஸ்.ஆர்.ரங்கநாதன் இதோ இருக்கிற சீர்காழியில் பிறந்தவர். சட்டம் வருவதற்கும் முன்னால், 1931-லேயே, மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபை பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார், அதைத் தொடங்கி வைத்ததும் ரங்கநாதன்தான். காசைக் கட்டிவிட்டுப் பிள்ளையை அனுப்பாமல் இருந்தால் நஷ்டம் யாருக்கு என்று கேட்டால் உரக்கடைக்கு வருகிற விவசாயிக்கு உடனே புரிந்துவிடும்.

நூலகர் இடமாற்றம் இன்னொரு தலைவலி. நல்ல நூலகர் அமைந்து எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது உத்தரவு வந்துவிடும், புதிதாக வருகிறவருக்கு நாம் யாரென்றே தெரியாது. அதற்காக ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நோட்டில் தேதி, வந்தவர்கள், யார் என்ன படித்தார்கள் என்று அரைப் பக்கம் எழுதி, நூலகரிடம் கையெழுத்து வாங்கி நூலகத்திலேயே வைத்துவிடுகிறோம். போன வருடம் புதிய நூலகர் வந்தபோது நாங்கள் போய் அறிமுகம் செய்துகொள்வதற்கு முன்பே அவர் அந்த நோட்டைப் படித்திருந்தார். கூட்டத்தைத் தொடரலாமா என்று கேட்கத் தயாராகப் போயிருந்தோம், அவர் எங்களை முந்திக்கொண்டு, ஆறாம் வகுப்பில் தன் மகள் இருக்கிறாள், அவளையும் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார்.